அப்பப்பாவின் றங்குப்பெட்டி: எதை வெட்டிப் பயணக் கொப்பி கட்டலாம், எதைத் தொடக்கூடாது?

#1 கொழும்புத்துறையாள்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள். இதுதான் என் முதல் இழை.

போன கிழமை கூரை ஓடு மாற்றும்போது அப்பப்பாவின் றங்குப்பெட்டியைக் கீழே இறக்கினோம். உள்ளே பூச்சிமாத்திரை மணமும் எலிப்புழுக்கையும். அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 1963இல் தொடங்கிப் பாதியில் நின்றுபோன சுருட்டுக் கொட்டில் கணக்குக் கொப்பி ஒன்று. பின்பாதி முழுக்க வெறுந்தாள், நல்ல தடிப்பு. சுருட்டுக் கட்டுக்கு ஒட்டும் லேபல் ஒரு கட்டு, இருநூறாவது இருக்கும், ஒன்றுகூடப் பாவிக்கவில்லை. லண்டனில் இருந்து பெரியப்பா எழுதிய நீல விமானக் கடிதங்கள் நாற்பது. ஆறு ரயில் டிக்கெட், பழைய காலத்து மட்டை டிக்கெட். நாலு வாக்கிய பஞ்சாங்கம். ஒரு காணி உறுதி. பூட்டியின் அந்தியேட்டிக் கல்வெட்டு (செத்தவரின் நினைவாக அச்சடிக்கிற சின்னப் புத்தகம்) ஒன்று. அப்பம்மாவின் கிழிந்த நூல்சீலை இரண்டு.

ஓகஸ்டில் கனடாவில் இருந்து மச்சாள்மார் வருகிறார்கள். நல்லூர்த் தேர் முடிந்ததும் நயினாதீவு, நெடுந்தீவு, காரைநகர் என்று சுற்றத் திட்டம். கடைக் கொப்பி வேண்டாம், இந்தச் சாமான்களில் இருந்தே ஒரு பயணக் கொப்பி கட்டி அதில் எழுதலாம் என்று நினைத்தேன். இணையத்தில் பார்த்த வீடியோக்களில் பழைய கடிதம், பழைய புத்தகம் எல்லாவற்றையும் தயங்காமல் வெட்டி ஒட்டுகிறார்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்தால் கை வரவில்லை. யாராவது கட்டியிருக்கிறீர்களா?

#2 பழசுக்கிழவன்

கத்தரிக்கோலைக் கீழே வையுங்கோ பிள்ளை. 1981இல் யாழ். பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. மிஞ்சியதை நாங்களே வெட்டி அலங்காரம் செய்வதா?

#3 சைக்கிள்காரன்

ஐயா, எதற்கெடுத்தாலும் 1981ஐ இழுத்தால் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பெட்டி ஐம்பது வருடம் கூரைக்குக் கீழே எலியோடு கிடந்தது. பாவிக்காத லேபலை வெட்டினால் எந்த வரலாறு போகும்? எலி வெட்டுவதைவிடப் பேத்தி வெட்டுவது நல்லதுதானே.

#4 பழசுக்கிழவன்

சரி, குரலை உயர்த்திவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தோமே, அன்று நான் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். அப்பாவின் கடிதங்கள் அலுமாரி லாச்சியில் இருந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரி இருந்தது, லாச்சி இல்லை. அதனால்தான் கடிதம் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. அதற்காகப் பிள்ளையைத் திட்டியிருக்கக்கூடாது.

என் கணக்கு இதுதான். கை எழுதிய எதையும் வெட்ட வேண்டாம். உலகத்தில் வேறு பிரதி இல்லாத எதையும் வெட்ட வேண்டாம். உறுதியைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை, அது பெட்டியில் அல்ல, பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டியது. கல்வெட்டைச் சும்மா தேவாரமும் புலம்பலும் என்று நினைக்காதீர்கள். பின்பக்கத்தில் வம்ச வரலாறு அச்சடித்திருப்பார்கள். யார் யாரைக் கட்டினார், எந்த ஊருக்குப் போனார் என்பதெல்லாம் பல குடும்பங்களுக்கு அதில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஸ்கான் செய்து கொடுங்கள்.

லேபல் இருநூறில் ஐந்தை ஒரு உறைக்குள் போட்டு வைத்துவிட்டு மிச்சத்தைத் தாராளமாகப் பாவியுங்கள். கணக்குக் கொப்பியின் வெறுந்தாளையும் எடுக்கலாம். ஆனால் இழுத்துக் கிழிக்கக்கூடாது. தைத்த கொப்பியில் ஒவ்வொரு தாளும் மடிப்புக்கு மறுபக்கம் இன்னொரு தாளோடு ஒட்டிப் பிறந்தது. பின்னுக்கு ஒன்றைக் கிழித்தால் முன்னுக்கு அப்பப்பா கணக்கெழுதிய தாள் கழன்று விழும். மடிப்பில் இருந்து இரண்டு சென்ரிமீற்றர் விட்டு, அடிமட்டம் வைத்துக் கூரான கத்தியால் வெட்டுங்கள்.

#5 நூலூசி

கிழவன் சொன்ன கடைசிக் குறிப்புக்கு ஒரு கும்பிடு. நான் ஏழெட்டு வருடமாகக் கொப்பி கட்டுகிறேன், அந்தப் பிழையை முதல் வருடமே செய்து அழுதேன்.

தங்கச்சி, முதலில் தாளின் நார்ப்போக்கைப் பாருங்கள். எந்தத் தாளிலும் நார் ஒரு பக்கமாக ஓடும். ஒரு சின்னத் துண்டை வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் தண்ணீரால் ஈரப்படுத்தினால் அது குழாய்போலச் சுருளும். அந்தக் குழாய் எந்தத் திசையில் நீட்டாகக் கிடக்கிறதோ, அதுதான் நார் ஓடும் திசை. கொப்பியின் முதுகுக்குச் சமாந்தரமாக நார் ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் பக்கங்கள் விறைத்து நிற்கும், மடிப்பு வெடிக்கும், பசை பட்டதும் மட்டை அப்பளம்போல வளையும். புதிதாகக் கட்டுகிறவர்களின் கொப்பி கோணுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒருவரும் சொல்லித்தர மாட்டார்கள், நானும் கோணல் கொப்பி பத்துக் கட்டித்தான் கண்டுபிடித்தேன்.

அளவு, பக்கம் 10 க்கு 15 சென்ரிமீற்றர் போதும், கைப்பைக்குள் போகும். நாலு தாளை ஒன்றாக மடித்தால் ஒரு கட்டு, அதில் 16 பக்கம். ஆறு கட்டு எடுத்தால் 96 பக்கம். ஒரு வாரப் பயணத்துக்கு அது தாராளம்.

இனி முக்கியமான விஷயம். பயணக் கொப்பியில் எழுதுவது மட்டுமல்ல, டிக்கெட் ஒட்டுவீர்கள், இலை ஒட்டுவீர்கள், படம் ஒட்டுவீர்கள். சாதாரணக் கொப்பிபோலக் கட்டினால் பயணம் முடியும்போது அது பொங்கல் பானைபோல வாய் பிளந்து நிற்கும். அதைத் தடுக்க ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் இரண்டு சென்ரிமீற்றர் அகலக் கீற்று ஒன்றை மடித்து, கட்டோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். முதுகு தடிக்கும், மற்றப் பக்கத்தில் ஒட்டுவதற்கு இடம் மிஞ்சும். கணக்குக் கொப்பியில் வெட்டும்போது வரும் ஓரத் துண்டுகளே இதற்குக் காணும்.

மட்டைக்குப் பழைய சீ.ஆர். கொப்பியின், அதுதான் தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பியின், அட்டை எடுங்கள். அந்த மட்டை இலேசில் வளையாது. பக்கத்தைவிட மூன்று பக்கமும் 3 மில்லிமீற்றர் பெரிதாக இருக்கட்டும்.

#6 ஸ்காபரோஅக்கா

நீலக் கடிதம் என்று வாசித்ததும் கையில் இருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டேன். 86இல் இருந்து 90 வரை அம்மாவுக்கு நான் எழுதியவை எல்லாம் அந்தக் கடிதம்தான். உள்ளே ஒன்றும் வைக்க முடியாது, படம்கூட வைக்கக்கூடாது. ஆகவே எழுத்தைச் சின்னதாக்கி, மடிக்கிற ஓரம், முகவரிக்குப் பக்கம் என்று எல்லா இடத்திலும் எழுதுவோம். கடைசி வரி எப்போதும் பசை தடவிய மடிப்பில்தான் இருக்கும். அவசரமாகக் கிழித்துத் திறந்தவர்கள் அந்த வரியைத் துண்டாடியிருப்பார்கள்.

தங்கச்சி, உங்கள் பெரியப்பாவின் கடிதங்களில் அந்த மடிப்புகளைப் பாருங்கள். எங்கள் அம்மா கத்தியால் திறந்தவ. அதனால் என் கடிதங்களில் கடைசி வரி தப்பியது. கடிதங்கள் தப்பவில்லை, அது வேறு கதை.

#7 கொழும்புத்துறையாள்

அக்கா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஓம், மடிப்பில் எழுத்து இருக்கிறது. ஒரு கடிதத்தில் “மிச்சம் அடுத்ததில்” என்று மட்டும். வெட்ட மாட்டேன், முடிவு.

போனில் படம் எடுத்து அச்சடித்து ஒட்டலாமா? மற்றது, அப்பம்மாவின் சீலையை மட்டைக்கு மேல் ஒட்டினால் பசை ஊறி வெளியே வந்து கறை பிடிக்கிறது. ஒரு துண்டில் செய்து பார்த்தேன். பாவித்தது பைண்டர் கம். தைக்க மீன்பிடி நைலோன் நூல் வீட்டில் இருக்கிறது, காணுமா?

#8 நூலூசி

நைலோன் வேண்டாம். அது தாளை வாள்போல அறுக்கும், முடிச்சும் வழுக்கும். தடித்த பருத்தி நூலைத் தேன்மெழுகில் மூன்று தரம் இழுத்துத் தைத்தால் போதும். மெழுகுதிரியிலும் இழுக்கலாம், ஆனால் அது உதிரும்.

துணிக்கு வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. வேட்டிக்குக் கஞ்சி போடுவதுபோலச் சோற்றுக்கஞ்சியை வடிகட்டி, சீலைத் துண்டை அதில் தோய்த்து, வெயிலில் இழுத்துக் காயவிட்டு, சூடாக அயன் பண்ணுங்கள். இழைகளுக்கு நடுவில் உள்ள ஓட்டைகளைக் கஞ்சி அடைத்துவிடும், பசை ஊறாது. கடையில் விற்கிற பைண்டிங் துணியும் இதே வித்தைதான். முதலில் சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பழைய சிவப்புச் சீலைகள் துரோகம் செய்யும்.

பைண்டர் கம் முதுகுக்கு நல்லது, காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும். ஆனால் பழைய சாமான் ஒட்ட அது வேண்டாம், ஒட்டினால் பிறகு கழற்றவே முடியாது. கோதுமை மா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, கட்டி படாமல் காய்ச்சி ஆறவிட்டால் பசை. இரண்டு மூன்று நாளில் புளிக்கும், ஆகவே கொஞ்சமாகக் காய்ச்சுங்கள். நாளைக்கு யாராவது கழற்ற நினைத்தால் ஈரம் பட்டதும் விட்டுக்கொடுக்கும். பழைய ஆட்கள் பூச்சி வராமல் பசையில் துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம். காய்ந்த வேப்பிலையைப் பெட்டிக்குள் போடுங்கள்.

மட்டை டிக்கெட்டை ஒட்டவே வேண்டாம். நாலு மூலைக்கும் தாள் மடித்துச் சின்னக் கொக்கி செய்து அதற்குள் செருகுங்கள்.

படம் அச்சடிப்பதானால் லேசர் அச்சு. இன்க்ஜெட் மை ஒரு துளி வியர்வைக்கே ஓடும். வெயிலில் அல்ல, நிழல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

#9 பழசுக்கிழவன்

டிக்கெட் பற்றி ஒன்று. அந்த மட்டை டிக்கெட் 57 க்கு 30.5 மில்லிமீற்றர். 1840 வாக்கில் எட்மன்சன் என்ற ஆங்கிலேய ஸ்ரேசன் மாஸ்டர் கண்டுபிடித்த முறை, பிறகு உலகமெல்லாம் அதே அளவு. இறங்கும் ஸ்ரேசனில் டிக்கெட்டை வாங்கிக்கொள்வார்கள், ஆகவே வீட்டில் மிஞ்சுகிற ஒவ்வொரு டிக்கெட்டும் யாரோ கொடுக்காமல் வந்ததுதான். கொழும்பு-யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது, 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது, 2014இல்தான் திரும்பி வந்தது. உங்கள் ஆறிலும் குத்திய திகதியைப் பாருங்கள். அப்பப்பா எந்த நாளில் ஏன் டிக்கெட்டைக் கொடுக்காமல் வந்தார் என்று எனக்கும் அறிய ஆசை.

தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழையது என்றால் உக்கும், புதியது நிற்கும் என்று இல்லை. யாழ்ப்பாணத்துப் பழைய பத்திரிகை உதயதாரகை 1841இல் தொடங்கிய காலத்துத் தாள் கந்தல்துணிக் கூழில் செய்தது. பிறகு வந்த மரக்கூழ்த் தாள், முக்கியமாகச் செய்தித்தாள், தானே அமிலமாகிப் பழுப்பேறி நொறுங்கும். பஞ்சாங்கம் அந்த வகை. பக்கத்தில் உள்ள தாளையும் கறையாக்கும். கொப்பிக்குள் வைக்காதீர்கள்.

#10 தீவகத்தான்

கொப்பி கட்டத் தெரியாது, கடல் தெரியும். குறிகட்டுவான் துறையில் இருந்து நெடுந்தீவுக்கு வள்ளத்தில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். ஓகஸ்டில் காற்று இருந்தால் வள்ளத்தின் மேல்தட்டில் இருப்பவர் முழுக்க நனைவார். உப்புத்தண்ணி பட்ட தாள் காய்ந்தாலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கொப்பியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, இறங்கித் துறையில் வைத்துத்தான் திறக்க வேண்டும். மேல்தட்டில் வைத்துக் கவிதை எழுதலாம் என்று நினைக்காதீர்கள்.

நெடுந்தீவில் கடற்கல் மதில்களைப் பென்சில் கொண்டு தாளில் உரசி எடுங்கள். பவளப் பூவின் அச்சு அப்படியே வரும். மட்டக்குதிரைகளுக்குக் கிட்டப் போகவேண்டாம். பெருக்கமரத்தின் (பாவோபாப்) இலை விழுந்து கிடந்தால் எடுக்கலாம், பிடுங்கினால் ஊர்க்காரர் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

#11 சைக்கிள்காரன்

கொப்பியைக் கட்டி வைக்க றபர் பட்டி வேண்டுமே. பழைய சைக்கிள் டியூபைக் குறுக்காக ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டுங்கள், வட்டமாக வரும். சோப்புப்போட்டுக் கழுவிக் கொஞ்சம் பவுடர் பூசினால் ஒட்டாது. யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில் ஓடியது, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது. அந்த டியூப் எங்கள் வீட்டில் இன்னும் பத்துக் கிடக்கிறது. என்னுடைய வரலாற்றுச் சேகரிப்பும் அதுதான் ஐயா.

#12 பழசுக்கிழவன்

அதில் ஒன்றை எனக்கும் வைக்கவும்.

#13 பனையோலைக்காரி

சீலைக்குப் பதிலாகச் சார்வோலை (பனங்குருத்தோலை)ப் பின்னல் வைத்துப் பார்த்தவர் உண்டா? ஓலைப்பெட்டி பின்னுகிற மாமியிடம் ஒரு துண்டு பின்னி வாங்கி நான் போட்டேன். மட்டைக்கு மேல் அழகாக இருந்தது, முதுகில் மடிக்கிற இடத்தில் மூன்றாம் நாளே வெடித்தது. ஆகவே ஓலை மட்டைக்கு மட்டும், முதுகுக்குத் துணி. சுவடி கட்டியவர்கள் ஓலையை எங்கும் மடிக்கவே இல்லை, துளைபோட்டுக் கயிறு கோத்து இரண்டு பக்கமும் சட்டம் வைத்தார்கள். மூன்று நாள் கழித்துத்தான் எனக்குக் காரணம் விளங்கியது.

#14 வண்ணைவாசி

பிந்தி வருகிறேன். ஓரத்தை நேராக்க மெஷினுக்குக் கொடுக்காதீர்கள் என்று எச்சரிக்கத்தான். நான் அப்பாவின் பழைய கொப்பி ஒன்றைத் திருத்திக் கட்டக் கொடுத்தேன், கடையின் பெயர் வேண்டாம். “வடிவாக்கித் தாறோம்” என்று மூன்று பக்கமும் சீவித் தந்தார்கள். ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதியிருந்த குறிப்பெல்லாம் குப்பைக் கூடையில். கேட்டதற்கு, “எழுத்து நடுவில்தானே இருக்கு” என்றார் அந்தத் தம்பி. அவரிலும் பிழை இல்லை, நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கையால் கட்டும் கொப்பிக்கு ஓரம் கொஞ்சம் ஏறி இறங்கி இருந்தால் என்ன?

#15 மட்டுறுத்துநர்

காணி உறுதியை எங்கே வைப்பது என்ற கிளைவிவாதத்தைச் சட்டப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கொப்பியைப் பற்றிக் கதையுங்கள்.

#16 கொழும்புத்துறையாள்

போய்வந்துவிட்டேன். கொப்பி உயிரோடு இருக்கிறது, கொஞ்சம் காயத்தோடு.

கட்டியது இப்படி. கணக்குக் கொப்பியின் வெறுந்தாளில் ஆறு கட்டு. கீற்று வைத்தேன். முதல் தரம் தைத்ததில் நூல் தளர்ந்து கட்டுகள் ஆடின, பிரித்துத் திரும்பத் தைத்தேன். கஞ்சி போட்ட சீலை அருமையாக ஒட்டியது. ஆனால் அவசரப்பட்டுக் காயமுன் எடுத்துத் திறந்துவிட்டேன், முன்மட்டை இலேசாக வளைந்துவிட்டது. பிறகுதான் அம்மிக்குக் கீழே ஒரு இரவு வைத்தேன். உள்ளட்டைக்குச் சுருட்டு லேபல்களை ஓடு வேய்வதுபோல வரிசையாக ஒட்டினேன். மச்சாள்மார் கொப்பியைக் கையில் எடுத்ததும் முதலில் அதைத்தான் மணந்து பார்த்தார்கள். புகையிலை மணம் இருக்கிறது என்கிறார்கள். எனக்கு மாப்பசை மணம்தான் வருகிறது.

தீவகத்தான் அண்ணா, சொன்னபடி பொலித்தீனில்தான் வைத்திருந்தேன். மேல்தட்டில் மச்சாள் “ஒரு வரி எழுதுவம்” என்று திறந்தாள். இரண்டு பக்கம் நனைந்து, போல்பொயின்ற் எழுத்து நின்றது, அவளுடைய ஜெல் பேனை எழுத்து நீலக் குளமாகிவிட்டது. அந்தப் பக்கத்தை எடுக்கவில்லை. கடற்கல் உரசியது மூன்று பக்கம், நீங்கள் சொன்னதுபோலவே பூப்பூவாக வந்திருக்கிறது. இலை விழுந்துதான் கிடந்தது, சத்தியம்.

கடிதங்கள் நாற்பதையும் படம் எடுத்தாகிவிட்டது. கல்வெட்டை ஸ்கான் செய்யக் கொடுத்திருக்கிறேன்.

கிழவன் ஐயா, டிக்கெட் திகதி. ஐந்து அழிந்துவிட்டது. ஆறாவது 1972 மே, கொழும்பு கோட்டையில் இருந்து யாழ்ப்பாணம். வீட்டில் கேட்டேன். அப்பாவின் பெரிய தங்கை, மாமி, பிறந்த மாதம் அது. தந்தி கிடைத்து ஓடி வந்தவராம். ஸ்ரேசனில் டிக்கெட் கேட்டவரைக் கடந்து போய்விட்டார் என்று அப்பம்மா சொல்லிச் சிரிப்பாவாம். அந்த டிக்கெட்டை மட்டும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கொக்கி வைத்துச் செருகியிருக்கிறேன், மாமி வந்து கேட்டால் கழற்றிக் கொடுக்கலாம் என்று.

#17 சைக்கிள்காரன்

டியூப் போட்டீர்களா, அதைச் சொல்லவில்லையே?

#18 கொழும்புத்துறையாள்

போட்டேன் அண்ணா. அளவு சின்னது, கழற்றும்போது ஒவ்வொரு தரமும் பட் என்று விரலில் அடிக்கிறது. பெரிய டியூப் இருக்கிறதா?

#19 சைக்கிள்காரன்

மோட்டர் சைக்கிள் டியூப் பாருங்கள். கிழவனுக்கு வைத்ததையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை கொழும்புத்துறைப் பக்கம் கொண்டுவருகிறேன்.